உயிரோடிருக்கிறேன், இடமில்லை

டோச்கல் என்றால் 'காத்திருந்தான், கடைசியில் வந்துவிட்டது' என்று பொருள். செக் நாட்டின் மொராவியாவில் இப்படி வினைச்சொல்லே குடும்பப் பெயராக இருப்பது சாதாரணம், யாரும் அதைக் காதில் வாங்குவதில்லை. எங்கள் அலுவலகத்தில் மட்டும் அது ஒரு கேலியாக நின்றுவிட்டது. ஹினெக் டோச்கலுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவரின் பெயர் விஸ்கோச்சில். 'வெளியே குதித்துவிட்டான்' என்று அர்த்தம். அவர் பெயருக்கேற்றபடி வேறு நிறுவனத்துக்குக் குதித்தார். அவர் எழுதி வைத்துவிட்டுப் போன நிரல் முழுவதும் ஹினெக்கின் தலையில் வந்து இறங்கியது.

"குதிச்சவன் பொழைச்சுக்கிட்டான். நீ பேருக்கேத்த மாதிரி உக்காந்திரு," என்று எங்கள் மேலாளர் ஷிமாரா சொல்வார். ஹினெக் சிரிப்பார். ஒரே நகைச்சுவைக்குப் பலமுறை சிரிக்கக் கூடிய மனிதர் அவர்.

நாற்பதைத் தாண்டியவர். நல்ல உயரம். கதவு நிலைக்குத் தலை குனியும் பழக்கம், உயரமான வாசல்களிலும் அவரைவிட்டுப் போகவில்லை. அப்பா ப்ர்னோவில் ட்ராம் ஓட்டியவர். கல்லூரி நாட்களில் ஒரு ட்ராமில்தான் ரத்மிலாவைப் பார்த்திருக்கிறார். அவள் கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள், மடியில் அட்டைப் பெட்டி, பெட்டிக்குள் ஓர் ஆமை. "இதுக்கு டிக்கெட் எடுத்தீங்களா?" என்று இவர் கேட்டிருக்கிறார். "கையில தூக்கிட்டு வந்தா சாமான் கணக்குதான்," என்று அவள் சொல்லியிருக்கிறாள். விதிப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறதா என்று அப்பாவிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு, மறுநாள் அதே ட்ராமில் ஏறி அவளிடம் போய், "நீங்க சொன்னது சரி," என்று சொல்லியிருக்கிறார். அவர் காதலைச் சொன்ன விதம் அதுதான்.

நான் அவருக்கு எதிர் மேசை. அவர் எழுதுவதைச் சோதிப்பது என் வேலை. போலந்து எல்லையோர டெஷின் பக்கம் போலிஷ் பள்ளியில் படித்து, பிறகு செக் மொழிக்கு வந்தவள். இரண்டு மொழியிலும் பேசாதவள் என்று ஷிமாரா என்னைச் சொல்வார். அலுவலகத்தில் எல்லாரும் ஒருவரையொருவர் 'நீ' என்பார்கள். ஹினெக்கும் நானும் மட்டும் 'நீங்க' என்றே தொடங்கினோம், அதை மாற்றலாம் என்று சொல்ல இருவருக்குமே கூச்சம். அப்படியே இருந்துவிட்டது.

எங்கள் நிறுவனம் ஹோட்டல்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் தொலைக்காட்சிப் படம் அனுப்பும் சர்வர்களைச் செய்கிறது. சாதாரணமாக ஒரு நிரல் வலைப்பின்னலில் எதையாவது அனுப்பச் சொன்னால், கணினியின் அடிமட்டத்தில் ஓடும் கெர்னல் அதை முதலில் தன் இடத்தில் நகலெடுத்துக்கொள்ளும். படம் மாதிரிப் பெரிய சரக்குக்கு அந்த நகலே பெரிய சுமை. அதனால் நாங்கள் நகலெடுப்பதில்லை. படம் கிடக்கும் நினைவகப் பக்கத்தையே கெர்னலுக்குக் காட்டிவிடுவோம், நெட்வொர்க் கார்டு அங்கிருந்தே எடுத்துக்கொண்டு போகும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மறுமுனை 'கிடைத்தது' என்று சொல்லும்வரை அந்தப் பக்கத்தில் யாரும் கைவைக்கக் கூடாது. வழியில் தொலைந்தால் மறுபடி அனுப்ப வேண்டுமே. கெர்னல் அதைப் பிடித்து வைத்திருக்கும். பிடித்திருக்கும் எல்லாரும் விட்ட பிறகு, 'இனி உன் பக்கம் உனக்கு' என்று ஒரு செய்தி வரும். அலுவலகத்தில் அதை 'ஹொத்தொவோ' என்போம். சூப் இறங்கினாலும், சுவருக்கு வண்ணம் அடித்து முடித்தாலும் எங்கள் ஊரில் சொல்கிற சொல்தான், 'முடிந்தது'. அந்த நல்ல செய்தி வருவது பிழைகளுக்கான வரிசையில். வேறு வாசல் இல்லை என்று அந்த வாசல் வழியாகவே விட்டிருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் அதைப் பிழை என்று நினைத்துக் கொட்டிவிடுவார்கள்.

'அனுப்பியாயிற்று' என்பது வேறு, 'ஹொத்தொவோ' என்பது வேறு. இதை எல்லாருக்கும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர் ஹினெக். தன் வாழ்க்கையிலும் அவர் அதே மாதிரிதான் இருந்தார். ஒன்று முடிந்தது என்று செய்தி வராமல் அதிலிருந்து கையை எடுக்க மாட்டார்.

வசந்தத்தில் ரத்மிலாவுக்கு யெஸெனிக் மலைப் பகுதியில் ஒரு கால்நடை மருத்துவமனை கிடைத்தது. ஓய்வுபெறுகிற மருத்துவர் ஒருவர் மேலே வீடு, கீழே மருத்துவமனை என்று அப்படியே ஒப்படைத்தார். அவள் பல வருடங்களாக விரும்பியது அது. மகள் அப்போலெனாவை அழைத்துக்கொண்டு அவள் முன்னால் போனாள். கையிலுள்ள வேலையை முடித்துவிட்டு இவர் போவதாக ஏற்பாடு. அங்கே இருந்தபடி செய்யும் சின்ன வேலை ஒன்றையும் பேசி வைத்திருந்தார்.

அவர் ஷிமாராவிடம் விலகுவதைப் பற்றிச் சொன்னபோது நான் அங்கேதான் இருந்தேன்.

"போ, யார் வேண்டாங்கறா? அந்தப் பக்கங்கள் திரும்பி வராத விவகாரம் மட்டும் முடிச்சுட்டுப் போ."

"அது எப்ப முடியும்னு சொல்ல முடியாது."

"உனக்கே தெரியலன்னா வேற யாருக்குத் தெரியும்? எஞ்சினியர் ஐயா, பாதியில விட்டுட்டுப் போற ஆளா நீ?"

அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஷிமாராவுக்கு அது தெரியும்.

விவகாரம் இதுதான். லுஹாச்சொவிட்ஸெ என்ற ஊற்றுநீர்க் குளியல் ஊரில் ஒரு பெரிய ஹோட்டல் எங்கள் சர்வரை வைத்திருந்தது. அங்கே கொஞ்சம் கொஞ்சமாக நினைவகம் காணாமல் போகும். கெர்னலிடம் கொடுத்த பக்கங்களில் சில திரும்பி வரவில்லை. ஹொத்தொவோ வராத ஒரு துண்டு, தான் இருக்கும் பெரிய நினைவகப் பாளம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும், அதில் வேறு எதையும் எழுத முடியாது. பாளங்கள் தீர்ந்ததும் சர்வர் நின்றுவிடும். அதை அணைத்துப் போட்டால் எல்லாம் சரியாகும், பிறகு மறுபடி ஆரம்பிக்கும்.

ஹினெக் அது எண்ணிக்கைப் பிழை என்று முடிவுகட்டினார். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாராயிருந்தாலும் அங்கேதான் முதலில் போய் நிற்பார்கள். அனுப்பும் தரவுத் துண்டு, அதாவது பாக்கெட் ஒன்று, பக்கத்தைப் பிடித்தால் கணக்கில் ஒன்று கூடும், விட்டால் ஒன்று குறையும், பூஜ்யமானால் ஹொத்தொவோ. எங்கோ ஓரிடத்தில் விட்டதைக் குறைக்க மறந்திருக்கிறார்கள் என்று அவர் நம்பினார். கூட்டுகிற இடம், கழிக்கிற இடம் ஒவ்வொன்றிலும் கண்காணிப்பு வைத்தார். விஸ்கோச்சிலிடமும் தொலைபேசியில் பேசிப் பார்த்தார்.

"எனக்கு ஒரு வரி கூட ஞாபகம் இல்லப்பா," என்றார் அவர். "நான்தான் குதிச்சுட்டேனே."

கோடை முழுவதும் இப்படியே போயிற்று. ரத்மிலா தினமும் மதியம் அழைப்பாள். எங்கள் தாழ்வாரத்தில் சிக்னல் கிடைக்காது, அதனால் அவர் மேசையிலேயே பேசுவார். நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வேன், இருந்தும் கேட்கும்.

"இருக்கேன், சொல்லு. ஆமா, சாப்பிட்டேன். இன்னும் இல்ல. இப்ப முடியாது ரத்கா. ஆமா. நாளைக்குப் பேசறேன்."

அவர் எந்த அழைப்பையும் தவறவிட்டதில்லை. கூட்டத்தில் இருந்தாலும் எழுந்து வந்து எடுப்பார். சனிக்கிழமைகளில் யெஸெனிக் போவார், அங்கேயும் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்காருவார் என்று பிறகு அவரே சொன்னார். பள்ளி திறந்தது. அப்போலெனா அங்கேயே சேர்ந்தாள். இலை உதிரத் தொடங்கியபோதும் அவர் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். கணக்கு ஒவ்வொரு முறையும் சரியாக வந்தது. சரியாக வருவதுதான் அவரை வாட்டியது. வேட்டையாடும் நாய் மோப்பம் இல்லாத காட்டில் திரிவது மாதிரி, ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் இடையில் நடந்துகொண்டே இருப்பார். அந்த நாட்களில் தேநீர் போட்டு அவர் மேசையில் வைத்தால் அது ஆறித் தோல் கட்டும்வரை அப்படியே இருக்கும்.

கடைசியில் இடத்துக்கே போய்ப் பார்ப்பது என்று ஷிமாரா எங்கள் இருவரையும் அனுப்பினார்.

லுஹாச்சொவிட்ஸெயில் பருவம் முடிந்திருந்தது. ஹோட்டலில் பாதிக்கு மேல் காலி. நோயாளிகள் சிலர் உப்பு நீர்க் குவளையோடு நடைபாதையில் உலாவினார்கள். சர்வர் இருந்த அறை சலவைக்கூடத்துக்குப் பக்கத்தில். நான் திரையைத் திறந்து காலிப் பாளங்களின் எண்ணிக்கையைப் பார்த்தேன். குறைந்துகொண்டிருந்தது.

"யாரு டிவி பாக்கறா?" என்றார் ஹினெக்.

"ரொம்பக் கொஞ்சம் பேர்."

"அப்ப எதுக்குக் குறையுது?"

இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இதுவரை நாங்கள் கூட்டம் அதிகமானால்தான் சர்வர் திணறும் என்று நினைத்து, அலுவலகத்தில் ஆயிரம் பொய்ப் பார்வையாளர்களை உருவாக்கிச் சோதித்திருந்தோம். எல்லாரும் ஒழுங்காகப் படம் வாங்கிக்கொள்கிற பார்வையாளர்கள்.

அவர் வரவேற்பில் கேட்டுக் காலி அறை ஒன்றின் சாவியை வாங்கி வந்தார். சுத்தம் செய்த அறை. தொலைக்காட்சி அணைந்திருந்தது. அதன் கீழே, படத்தை வாங்கிக் கொடுக்கும் சின்னப் பெட்டியில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி. என் கணினியை அந்த வலைப்பின்னலில் செருகி, பெட்டிக்கும் சர்வருக்கும் நடக்கும் பேச்சைத் திரையில் ஓடவிட்டேன். சர்வர் இடைவெளி விட்டு ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது: இப்போது அனுப்பலாமா? பெட்டி ஒவ்வொரு முறையும் உடனே பதில் சொன்னது.

ஹினெக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து படித்தார். "இருக்கேங்கறது," என்றார். "இருக்கேன், ஆனா இடமில்லங்கறது."

விருந்தாளி தொலைக்காட்சியை அணைத்தால் பெட்டி அரைத்தூக்கத்துக்குப் போகிறது. படம் வாங்குகிற நிரல் உறங்கிவிடுகிறது, வாசலில் பதில் சொல்கிற பகுதி மட்டும் விழித்திருக்கிறது. ஏற்கெனவே வந்த படம் உள்ளே நிரம்பிக் கிடக்கிறது, எடுப்பார் இல்லை. பெட்டி செத்திருந்தால் சர்வர் பக்கத்துக் கெர்னல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தொடர்பைத் தானே முறித்திருக்கும். இதுவோ மரியாதையாகப் பதில் சொல்கிறது. பதில் வந்துகொண்டிருக்கும்வரை கெர்னல் காத்திருக்கும், எத்தனை நாளானாலும். அறைகள் காலியாகக் காலியாக இப்படிப்பட்ட பெட்டிகள் கூடின, ஒவ்வொன்றும் சில பாளங்களைப் பிடித்துக்கொண்டது.

"கணக்கு சரியாத்தான் இருந்திருக்கு," என்றார். "நான் யாரோ விட்டதைக் குறிக்க மறந்துட்டாங்கன்னு தேடினேன். யாருமே விடவே இல்ல."

அன்று அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கிளம்பும்போது மகளுக்கு வட்ட வேஃபர் பிஸ்கட் ஒரு பெட்டி வாங்கினார். எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார்.

மலை இறங்கி நெடுஞ்சாலையைத் தொட்டபோது மதியமாகியிருந்தது. தொலைபேசி ஒலித்தது. ஓட்டும்போது கையில் எடுக்க முடியாது என்பதால் அதைக் காரோடு இணைத்திருந்தார். ரத்மிலாவின் குரல் காரின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்தது. பின்னால் ஒரு நாய் முனகுவது கேட்டது.

"ரத்கா, பக்கத்துல ஆள் இருக்காங்க. எதிர் மேசை."

"வணக்கங்க," என்றாள். "பேசாத பொண்ணுதானே? உங்களைப் பத்திச் சொல்லியிருக்கார்."

"வணக்கம்," என்றேன். அதற்கு மேல் எனக்கு வரவில்லை.

"கண்டுபிடிச்சுட்டேன்!" என்றார் அவர். தொடக்கத்திலிருந்து முழுவதையும் அவளுக்குச் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"மாடு விழுந்து கெடக்கு, நாடி மட்டும் துடிக்குது, அந்த மாதிரியா?"

"மாடு விழவே இல்ல, அதான் பிரச்சினை. நிக்குது. கூப்பிட்டா தலைய ஆட்டுது. தீனி போட்டா மட்டும் தின்னாது."

"அப்ப யாரு அறுத்து விடணும்?"

"அனுப்பறவங்கதான். அந்தப் பெட்டி தானா அறுக்காது. அதுக்கு ஒரு குறையும் இல்லையே."

"எவ்வளவு நாள் பொறுக்கணும்னு எதாவது விதி இருக்கா?"

"இல்ல. கெர்னலப் பொறுத்தவரைக்கும் எவ்வளவு வேணும்னாலும் பொறுக்கலாம். நாமதான் ஒரு எல்லை வைக்கணும்."

"அறுத்தா என்ன ஆகும்?"

"மாட்டிக்கிட்டதெல்லாம் திரும்பி வந்துடும். வேற எதுக்காவது பயன்படுத்திக்கலாம்," என்றார் பெருமையாக.

ஒரு லாரி எங்களைக் கடந்து போயிற்று. அவர் வேகத்தைக் குறைத்தார். தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும். நான் மடியில் இருந்த வேஃபர் பெட்டியின் எழுத்துகளைப் படிக்கத் தொடங்கினேன். ஓடுகிற காரில் வேறு எங்கே போவது?

"ஹினெக்," என்றாள். "நான் தினமும் போன் பண்றேன். ஒரு நாள் கூட நீ எடுக்காம இருந்ததில்ல. அதனாலதான் இத்தனை நாள் ஓடிடுச்சு. நீ எடுக்காம இருந்திருந்தா எனக்கு எப்பவோ புரிஞ்சிருக்கும்."

"இதுதான் கடைசி ரத்கா. நாளைக்கே ஷிமாராகிட்ட..."

"கோடையிலயும் அதுதான் கடைசின்னே."

"இது நிஜமாவே."

"தெரியும். நீ பொய் சொன்னதே இல்ல." நாயிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தாள். "அப்பா எப்ப வருவாருன்னு பள்ளிக்கூடத்துல கேட்டா, 'இன்னும் ஹொத்தொவோ வரல'ன்னு சொல்லியிருக்கா இவ. உன்னைச் சமையல்காரன்னு நெனச்சிக்கிட்டிருக்காங்க டீச்சர்."

எனக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. அவர் சிரிக்கவில்லை.

"சனிக்கிழமை வராதே. பாப்பாவை நானே ஒரு நாள் ப்ர்னோவுக்குக் கூட்டிட்டு வரேன். மாடியில உனக்குன்னு ஒரு அறை விட்டு வச்சிருந்தேன்ல, அதுல இன்னிக்கு ரெண்டு நாய் படுத்திருக்கு. ஆபரேஷன் முடிஞ்சதுங்களுக்குக் கீழ இடம் போதல."

"ரத்கா, இந்த வாரமே வந்துடறேன். எழுதிக் குடுத்துட்டு அப்படியே வந்துடறேன்."

"வந்து அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காருவே. எனக்கு வேண்டாம் ஹினெக். இனிமே மதியம் கூப்பிட மாட்டேன். கோவமெல்லாம் இல்ல. பாத்து ஓட்டு."

தொடர்பு அறுந்தது. வானொலி தானாகப் பேசத் தொடங்கியது, வானிலை அறிக்கை. அவர் அதை அணைக்கவில்லை. வலது ஓரத்து வழியில் லாரிகளுக்குப் பின்னாலேயே மெதுவாக ஓட்டினார். ப்ர்னோவின் முதல் கட்டடங்கள் தெரிந்தபோது, "மன்னிச்சுக்கோங்க. நீங்க இதெல்லாம் கேக்க வேண்டியதாப் போச்சு," என்றார்.

"பரவாயில்ல," என்றேன்.

அந்த வாரம் அவர் யெஸெனிக் போனார் என்று தெரியும். ஒரே நாளில் திரும்பியும் வந்தார். அங்கே என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. அவர் மேசையில் வைத்திருந்த மகளின் வேஃபர் பெட்டி மட்டும் இப்போது அங்கே இல்லை.

திருத்தம் சின்னதுதான். 'இடமில்லை' என்ற பதிலே இவ்வளவு நேரமாக வந்துகொண்டிருந்தால் தொடர்பை நாமே முறித்துவிட வேண்டும். எல்லாவற்றையும் எழுதிவிட்டு, 'இவ்வளவு நேரம்' என்ற இடத்தை அவர் வெறுமையாக விட்டிருந்தார்.

"அரை மணி போதும்," என்றார் ஷிமாரா.

"கொஞ்சம் கூட வைக்கலாம். ஒருத்தர் தூங்கி எழுந்து மறுபடி பாக்கலாம்."

"ஹோட்டல்காரன் பெட்டிக்கு இவ்வளவு கருணையா! சரி, ஒரு ராத்திரி வச்சுக்க."

ஒரு ராத்திரி என்று வைத்தார்கள். ஹோட்டல் சர்வரில் அதை ஏற்றிய மறுநாள் காலை, நான் என் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டிகள் ஒவ்வொன்றாக அறுபட்டன. பிடிபட்டிருந்த துண்டுகள் எல்லாவற்றுக்கும் பிழை வரிசையில் ஹொத்தொவோ வந்து குவிந்தது. காலிப் பாளங்கள் மறுபடி கூடின.

சோதனை அறிக்கையில் எழுதுவதற்காக அவரிடம் ஒன்று கேட்டேன். "இந்தச் செய்தியைப் பாத்து, படம் போய்ச் சேந்துச்சா, இல்ல அறுத்ததால விட்டாங்களான்னு தெரிஞ்சுக்க முடியுமா?"

"முடியாது. ரெண்டுக்கும் இதே செய்திதான். உன் பக்கம் உனக்குங்கறதத் தவிர அது ஒண்ணும் சொல்லாது."

"இதையும் அறிக்கையில சேத்து எழுதலாமா?"

"எழுதலாம்," என்றார். எழுதச் சொல்லவில்லை.

ஷிமாரா ஸ்லிவோவிட்ஸா என்ற பிளம் பிராந்திப் புட்டியும் மூன்று சின்னக் கண்ணாடிக் கோப்பைகளுமாக வந்தார். நின்றபடியே குடித்தோம்.

"எஞ்சினியர் ஐயா, வாக்குன்னா வாக்குதான். உன் இடத்துக்கு ஆள் பாத்துட்டேன். நல்ல பையன். கிறிஸ்துமஸுக்கு நீ உன் மலையில இருக்கலாம்."

ஹினெக் கோப்பையை மேசையில் வைத்தார். "அங்க இப்ப அவசரம் ஒண்ணும் இல்ல."

"என்ன, மனசு மாறிட்டியா?" ஷிமாரா அவர் முதுகில் தட்டினார். "பாருப்பா! எனக்கு நல்லதாப் போச்சு. அந்தப் பையன்கிட்ட அப்புறம் சொல்லிக்கறேன்."

அவர் புட்டியோடு அடுத்த அறைக்குப் போனார். அவருக்கு எதுவும் தெரியாது, நானும் சொல்லவில்லை. ஹினெக் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்து உட்கார்ந்தார்.

"அடுத்தது எது?" என்றார் என்னிடம்.

ஸ்லீனில் ஒரு மருத்துவமனையில் படம் இடையிடையே உறைந்து நிற்பதாக வந்த புகாரைச் சொன்னேன். அவர் அதைத் திறந்து முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.